தாய்மாரைக் காப்பாற்றிய வைத்தியர்



நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தவுடன், ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்கிறோம். சுகம் என்ற பதில் கிடைத்ததும், ஆபத்தெல்லாம் நீங்கிவிட்டது என்று மனம் ஆறுகிறோம். அடுத்த கேள்வி, வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்பதுதான். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று வைத்தியர் சொன்னால், சிலருடைய முகம் சுருங்கிப்போகிறது. பிரசவம் சுகமாய் முடிந்துவிட்டதே, இனி இங்கே என்ன வேலை என்று நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு மனிதருடைய வாழ்க்கையைக் கொண்டு இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளை பெற்ற பிறகு வரும் சில நாட்களில் தாய்மார் ஏன் மடிகிறார்கள் என்ற ஒரே கேள்விக்காகத் தம் வாழ்நாளையே கொடுத்தவர் அவர். அவருடைய காலத்தில் ஆஸ்பத்திரி என்றாலே கர்ப்பஸ்திரீகள் நடுங்கினார்கள். இன்று நம் வீட்டுப் பெண்கள் அங்கே நம்பிக்கையோடு படுத்திருக்கிறார்கள் என்றால், அந்த மாறுதலுக்கு வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

மளிகைக் கடைக்காரரின் மகன்

ஹங்கேரி தேசத்தின் தலைநகரான புடாபெஸ்ட், அந்நாளில் ஒரே நகரமாக இருக்கவில்லை. டான்யூப் நதியின் ஒரு கரையில் புடா, மறு கரையில் பெஸ்ட் என்று தனித்தனி ஊர்களாக இருந்தது. புடாவில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பத்துப் பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை 1818-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி பிறந்தான். அவனுக்கு இக்னாஸ் என்று பெயரிட்டார்கள். இன்னாசி, இன்னாசிமுத்து என்று நம் ஊரில் பிள்ளைகளுக்கு வைக்கிறோமே, அதே பெயர்தான். குடும்பப் பெயர் செம்மல்வைஸ்.

இக்னாஸ் 1837-ம் ஆண்டு சட்டம் படிப்பதற்காக வியன்னா நகருக்குப் போனார். மறு வருஷமே சட்டத்தை விட்டு வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். 1844-ல் வைத்தியப் பட்டம் பெற்று, பிறகு பிரசவ வைத்தியத்தைத் தமக்குரிய துறையாகத் தெரிந்துகொண்டார். 1846-ம் ஆண்டு ஜூலை மாதம், வியன்னா பொது ஆஸ்பத்திரியின் முதலாம் பிரசவப் பிரிவில் துணை வைத்தியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த ஆஸ்பத்திரி 1784-ல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தியால் ஏற்படுத்தப்பட்டது. வசதியுள்ளவர்கள் அக்காலத்தில் தங்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்கள். மணமாகாமல் கருவுற்று, போக்கிடம் இல்லாமல் நின்றவர்கள். அவர்களுக்கு அங்கே செலவில்லை. பிறக்கும் குழந்தையை அநாதைக் குழந்தைகளுக்கான விடுதி ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஈடாக, வைத்திய மாணாக்கர் அவர்களைப் பரிசோதித்துத் தொழில் பழகுவார்கள்.

இரண்டு பிரிவுகள்

அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. 1840-ம் ஆண்டு முதல், முதலாம் பிரிவு வைத்திய மாணாக்கர் பழகுவதற்கும், இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகள் பழகுவதற்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு நாள் வருகிறவர்கள் முதலாம் பிரிவிலும், மறு நாள் வருகிறவர்கள் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே யார் எங்கே படுப்பது என்பதை, அவர்கள் வந்து சேரும் நாளே தீர்மானித்தது. கட்டடம் அடுத்தடுத்து, காற்று ஒன்று, வந்தவர்களும் ஒரே விதமான ஏழைப் பெண்கள்.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். 1841 முதல் 1846 வரை ஆறு வருஷங்களில் முதலாம் பிரிவில் 20,042 பிரசவங்கள் நடந்தன. 1,989 தாய்மார் இறந்தார்கள். அதாவது ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்கள். இறந்தவர்கள் 691 பேர். ஏறக்குறைய இருபத்தாறு பேருக்கு ஒருவர். செம்மல்வைஸ் வேலையில் சேர்ந்த 1846-ம் ஆண்டில் வித்தியாசம் இன்னும் கொடியதாயிற்று. முதலாம் பிரிவில் 4,010 பேரில் 459 பேரும், இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேரும் மாண்டார்கள்.

இவர்களைக் கொண்டுபோன வியாதிக்குப் பிரசவ ஜன்னி என்று பெயர். அது வரும் விதத்தைக் கவனியுங்கள். பிரசவம் சுகமாகவே நடக்கும். குழந்தை அழும்; தாய் சிரிப்பாள். ஒன்றிரண்டு நாள் சென்று குளிர் நடுக்கம் காணும். காய்ச்சல் ஏறும். அடிவயிறு வீங்கித் தொடமுடியாமல் நோகும். நாடி வேகமாய் ஓடும். பிறகு பிதற்றல்; சில நாட்களுக்குள் மரணம். சில வேளை குழந்தையும் அதே விதமாய்க் காய்ச்சல் கண்டு இறந்துபோகும். பிரசவம் என்ற ஆற்றைக் கடந்து கரையேறிய பிறகு, கரையிலேயே அவர்கள் விழுந்தார்கள்.

இந்த விஷயம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. முதலாம் பிரிவுக்குரிய நாளில் வந்து சேர்ந்த பெண்கள், தங்களை இரண்டாம் பிரிவில் சேர்க்கும்படி முழந்தாளில் நின்று கைகூப்பிக் கெஞ்சினார்கள். சிலர் வேண்டுமென்றே வழியிலே, தெருவிலே பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வழியில் வலி கண்டுவிட்டது என்று சொன்னால் குழந்தைக்குரிய சலுகை கிடைக்குமல்லவா? இதில் செம்மல்வைஸை மிகவும் திகைக்கவைத்தது ஒன்று உண்டு. மருத்துவச்சியும் இல்லாமல், கட்டிலும் இல்லாமல், தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஜன்னி மிக அரிதாகவே வந்தது. பெரிய பண்டிதர்கள் பார்த்துப் பார்த்துப் பிரசவம் பார்த்தவர்களே செத்தார்கள்.

குருவானவரின் மணி

அக்காலத்து வைத்தியர்கள் இதற்குப் பல காரணம் சொன்னார்கள். காற்றில் பரவும் தோஷம் என்றார்கள். அப்படியானால் அடுத்த கட்டடத்திலுள்ள இரண்டாம் பிரிவை அந்தக் காற்று ஏன் தீண்டவில்லை? நெருக்கடி என்றார்கள். நெருக்கடி இரண்டாம் பிரிவில்தான் அதிகம். எல்லாரும் அங்கேதானே போக விரும்பினார்கள்! இப்படி ஒவ்வொரு காரணத்தையும் செம்மல்வைஸ் எடைபோட்டுத் தள்ளினார்.

பயமே காரணம் என்று சிலர் சொன்னார்கள். சாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும் குருவானவர், முதலாம் பிரிவில் பல அறைகளைக் கடந்துதான் நோயாளிகளின் அறைக்குப் போகவேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு பணியாள் மணியடித்துக்கொண்டு போவது அக்காலத்து வழக்கம். ஒரே நாளில் பலமுறை அந்த மணி ஒலித்தது. புதிதாய்ப் பிள்ளை பெற்றவள் அதைக் கேட்டால், அடுத்தது நானோ என்று நடுங்கமாட்டாளா? செம்மல்வைஸுக்கே அந்த ஒலி நெஞ்சை உலுக்கியது. அவர் குருவானவரிடம் போய், மணியில்லாமல், சந்தடியில்லாமல், வேறு வழியாய் வரும்படி கேட்டுக்கொண்டார். குருவானவரும் அன்போடு இணங்கினார். மணி நின்றது, மரணம் நிற்கவில்லை. முதலாம் பிரிவில் தாய்மாரை மல்லாந்து படுக்கவைத்தும், இரண்டாம் பிரிவில் பக்கவாட்டில் படுக்கவைத்தும் பிரசவம் பார்ப்பதைக் கண்டு, அதையும் மாற்றிப் பார்த்தார். அதனாலும் பலன் இல்லை.

இவ்வளவு கேட்ட பிறகு, இந்த மனிதரின் குணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். மற்றவர்கள் தலைவிதி என்று கைவிட்ட மரணங்களை அவர் விதி என்று ஏற்கவில்லை. இறந்தவர்கள் ஊர் பேர் தெரியாத ஏழைகள் என்பதற்காகவும் அவர் மனம் ஆறவில்லை.

நண்பரின் மரணம்

1847-ம் ஆண்டு மார்ச் மாதம், மனச்சோர்வு நீங்குவதற்காக அவர் நண்பர்களோடு வெனிஸ் நகருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது துக்கச் செய்தி காத்திருந்தது. அவர் பெரிதும் மதித்த நண்பர், ஆசிரியர் கொல்லெட்ச்கா இறந்துபோயிருந்தார். பிரேதப் பரிசோதனை செய்யும்போது ஒரு மாணாக்கனுடைய கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சிறு காயத்திலிருந்து விஷம் ஏறி, காய்ச்சல் கண்டு மாண்டார்.

நண்பரின் உடலைப் பரிசோதித்த குறிப்பைச் செம்மல்வைஸ் வாசித்தார். அதில் கண்ட அடையாளங்கள் எல்லாம் அவருக்கு நன்றாய்ப் பழக்கமானவை. பிரசவ ஜன்னியில் இறந்த நூற்றுக்கணக்கான தாய்மாரிடத்தில் அவர் கண்ட அடையாளங்களே அவை! ஆண்மகன் ஒருவர் பிரசவ ஜன்னியால் சாவது எப்படி? இரண்டும் ஒரே வியாதி என்றால், இரண்டுக்கும் காரணமும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? நண்பருடைய இரத்தத்தில் பிரேதத்தின் நச்சுப்பொருளைச் சேர்த்தது கத்தி. தாய்மாருடைய இரத்தத்தில் அதைச் சேர்த்தது எது?

விடை அவர் கண்முன்னேயே இருந்தது. வைத்தியர்களும் மாணாக்கர்களும் காலையில் பிரேத அறையில் வேலை செய்தார்கள். முன்தினம் இறந்த தாய்மாரின் உடலையே அறுத்துப் பார்த்தார்கள். பிறகு கைகளைச் சவுக்காரத்தால் கழுவிக்கொண்டு, பிரேத நாற்றம் முழுவதும் நீங்கு முன்பே, பிரசவ அறைக்கு வந்து உயிருள்ள தாய்மாரைப் பரிசோதித்தார்கள். மருத்துவச்சிகள் பிரேதத்தைத் தொடுவதில்லை. ஆகவே இரண்டாம் பிரிவில் சாவு குறைவு. தெருவில் பிள்ளை பெற்றவளை யாரும் கைவைத்துப் பார்க்கவில்லை. ஆகவே அவள் பிழைத்தாள். நெடுநேரம் வலியில் கிடந்தவர்களைப் பலர் பலமுறை பரிசோதித்தார்கள். ஆகவே அவர்கள் பெரும்பாலும் இறந்தார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திற்று.

அதோடு இன்னொன்றும் அவருக்கு விளங்கிற்று. தாய்மாரின் சாவுக்குக் காரணம் தேடுவதற்காக, அவரே மிகுதியாய்ப் பிரேதங்களைப் பரிசோதித்திருந்தார். அப்படியானால் அவருடைய கைகளே எத்தனை பேருக்கு மரணத்தைக் கொண்டுபோயிருக்கும்! அந்தக் கணக்கை அறிந்தவர் சர்வேசுரன் ஒருவரே என்று பிற்காலத்தில் தம் நூலில் அவர் வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். இந்த உண்மையை மறைத்துவிட்டுச் சுகமாய் வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஒரு கிண்ணத் தண்ணீர்

1847-ம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் அவர் ஓர் உத்தரவு போட்டார். பிரசவ அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும், வாசலில் வைத்திருக்கும் குளோரின் தண்ணீரில் கைகளை நன்றாய்த் தேய்த்துக் கழுவவேண்டும். பிறகு செலவைக் குறைக்கும்பொருட்டுப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரையே உபயோகித்தார்கள். நம் ஊரில் கிணற்றுக்குப் போடுகிறோமே, அந்தச் சாமானியப் பொருள்தான்.

பலன் என்னவென்று பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் 268 பிரசவங்களில் இறந்தவர்கள் 6 பேர். ஜூலையில் 250-க்கு 3 பேர். நூறு பேரில் பதினெட்டுப் பேரைக் கொண்டுபோன சாவு, இரண்டே மாதத்தில் நூற்றுக்கு ஒன்று என்று இறங்கிற்று.

அக்டோபர் மாதத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. முதல் கட்டிலில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் சீழ்வடியும் புற்றுநோய் இருந்தது. அவளைப் பரிசோதித்த கைகளை வெறும் சவுக்காரத்தால் மட்டும் கழுவிவிட்டு, வரிசையாய் மற்றவர்களையும் பரிசோதித்தார்கள். கூடப் பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் இறந்தார்கள். பிரேதத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் நச்சு பரவும் என்று அதனால் தெரிந்தது. அது முதல் ஒருவரைப் பரிசோதித்துவிட்டு மற்றவரைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கழுவவேண்டும் என்று கட்டளையிட்டார். 1848-ம் ஆண்டு முழுவதிலும் முதலாம் பிரிவில் 3,556 தாய்மாரில் 45 பேரே இறந்தார்கள். மார்ச், ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாதங்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. எந்தப் பிரிவுக்குப் போகாதிருக்க ஸ்திரீகள் தெருவில் பிள்ளை பெற்றார்களோ, அந்தப் பிரிவே தாய்மார் அஞ்சாமல் தங்கக்கூடிய இடமாயிற்று.

கேளாத செவிகள்

இத்தகைய மனிதரை நாடே கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. ஹெப்ரா, ஸ்கோடா, ரொக்கித்தான்ஸ்கி போன்ற சில பெரியவர்கள் அவரை ஆதரித்தார்கள். ஆனால் பெரும்பாலோர் அவரை நம்பவில்லை. கிருமிகள் வியாதியை உண்டாக்குகின்றன என்பது அப்போது நிரூபிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் காக்க வந்த நம் கைகளே உயிரை எடுத்தன என்று ஏற்றுக்கொள்வது எவருக்கும் எளிதல்லவே! செம்மல்வைஸும் தாம் கண்டதை உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்கள்தான் அவருக்காக எழுதினார்கள். 1849-ம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய உத்தியோகக் காலம் முடிந்தது, அது நீடிக்கப்படவில்லை. 1850-ல் போதிக்க அனுமதி கிடைத்தபோது, பொம்மையை வைத்துத்தான் பாடம் நடத்தலாம் என்ற நிபந்தனை இருந்தது. மனமுடைந்து, நண்பர்களிடமும் சொல்லாமல், வியன்னாவை விட்டு ஊர் திரும்பினார்.

1851-ல் பெஸ்ட் நகரில், கொள்ளைநோயில் வாடுவோருக்குப் பாதுகாவலரான அர்ச். ரோக்கு பெயரால் விளங்கிய ஆஸ்பத்திரியில், சம்பளமில்லாமல் பிரசவப் பிரிவை ஏற்றார். அங்கே அவர் காலத்தில் நடந்த 933 பிரசவங்களில் ஜன்னியால் இறந்தவர்கள் 8 பேர். 1855-ல் பெஸ்ட் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அங்கே சரியாய் வெளுக்கப்படாத அழுக்குப் படுக்கைவிரிப்புகளால் தாய்மாருக்கு மறுபடியும் ஜன்னி கண்டது. சுத்தமான விரிப்பு வேண்டும் என்று அவர் அதிகாரிகளோடு போராடினார். கை மட்டுமல்ல, துணியும் சுத்தமாயிருக்கவேண்டும் என்பது அவருடைய பாடம்.

1857-ம் ஆண்டு விவாகம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். இருவர் கைக்குழந்தைகளாகவே இறந்தார்கள். 1861-ல் தம் கொள்கையைப் பெரிய நூலாக வெளியிட்டார். அதையும் பலர் ஏளனம் செய்தார்கள். தாய்மார் அநியாயமாய்ச் சாகிறார்களே என்ற தாபத்தால், எதிர்த்த பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். சொன்னது உண்மைதான், ஆயினும் கடுஞ்சொல் எவருடைய மனத்தையும் திருப்பவில்லை.

நாளாக நாளாக அவருடைய மனநிலை தடுமாறிற்று. 1865-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துப்போய், மனநோயாளிகளின் விடுதியில் விட்டார்கள். இரண்டு வாரம் சென்று, ஆகஸ்ட் 13-ந் தேதி அவர் இறந்தார். வயது 47. காயத்தின் வழியாய் இரத்தத்தில் விஷம் ஏறியதே அவருடைய மரணத்துக்குக் காரணம். எந்த வியாதியிலிருந்து தாய்மாரைக் காத்தாரோ, அதே வகையான வியாதி அவரைக் கொண்டுபோயிற்று. தேவமாதா மோட்சத்துக்கு ஆரோபணமான திருநாளாகிய ஆகஸ்ட் 15-ந் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் மிகச் சிலரே.

இரண்டு வருஷம் சென்று, 1867-ல் லிஸ்டர் என்ற ஆங்கிலேய வைத்தியர் காயங்களில் கிருமியைக் கொல்லும் முறையை வெளியிட்டார். 1879-ல் பாரிஸ் நகரில் பாஸ்டர், பிரசவ ஜன்னியை உண்டாக்கும் கிருமி சங்கிலிபோல் கோத்திருப்பதை வரைந்து காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது மெய்யென்று உலகம் ஒப்புக்கொண்டது. அவர் பிறந்த வீடு இன்று ஒரு காட்சிசாலை. 1964-ல் அவருடைய எலும்புகள் அந்த வீட்டுக்கே கொண்டுவரப்பட்டன. புடாபெஸ்டின் வைத்திய சர்வகலாசாலை 1969 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நிற்க. இந்தச் சரித்திரத்தை வாசித்த நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ஆஸ்பத்திரியில்தானே அந்தத் தாய்மார் செத்தார்கள். அப்படியிருக்க, அங்கே தங்கச் சொல்வது எப்படி நியாயம்? நல்ல கேள்விதான். அன்று ஆஸ்பத்திரியில் பார்க்கிற கண்கள் இருந்தன. ஆனால் கைகள் சுத்தமாக இல்லை, கொடுக்க மருந்தும் இல்லை. செம்மல்வைஸ் கைகளைச் சுத்தமாக்கினார். 1936-ல் லண்டன் நகரில் கோல்புரூக் என்ற வைத்தியர், சல்பா வகையைச் சேர்ந்த புதிய மருந்தினால் பிரசவ ஜன்னியைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். பிறகு பென்சிலின் வந்தது. இன்று அந்த ஜன்னியைக் காலத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க முடியும். காலத்தில் கண்டுபிடிக்கவேண்டுமானால், யாராவது பக்கத்திலிருந்து பார்க்கவேண்டுமல்லவா? அதற்காகத்தான் தங்கச் சொல்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் முதல் பெரிய அபாயம் இரத்தப்போக்கு. நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கி இறுகவேண்டும். இறுகாவிட்டால் இரத்தம் பெருகி, சிறிது நேரத்துக்குள் உயிருக்கே மோசமாகும். இது பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வருவது. அப்போது மருந்தும் இரத்தமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வாடகைக் காருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. அடுத்தது இரத்த அழுத்தம். கர்ப்ப காலத்தில் நன்றாயிருந்தவளுக்கும் பிரசவத்துக்குப் பின் அழுத்தம் ஏறி, தலைவலி, கண்மங்கல், வலிப்பு ஆகியவை வரக்கூடும். மூன்றாவது, நாம் இவ்வளவு நேரம் பேசிய ஜன்னி.

குழந்தைக்கும் இதுவே சோதனைக் காலம். மூச்சு ஒழுங்காய் வருகிறதா, உடம்பில் சூடு நிற்கிறதா, பால் இழுத்துக் குடிக்கிறதா, சிறுநீரும் முதல் மலமும் கழிந்தனவா, மஞ்சள் அதிகமாகிறதா என்று தெரிந்தவர்கள் பார்க்கவேண்டும். தலைப்பிள்ளைக்காரிக்குப் பால்கொடுக்கும் முறையைப் பொறுமையாய்க் காட்டிக்கொடுப்பதற்கும், சீம்பாலை வீணாக்காமல் கொடுக்கச் செய்வதற்கும் இதுவே தருணம்.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம், சிக்கலில்லாத சுகப்பிரசவமானாலும் தாயும் சேயும் குறைந்தது இருபத்துநான்கு மணி நேரம் பிரசவமான இடத்திலேயே இருக்கவேண்டும் என்கிறது. ஆபரேஷன் ஆனவர்கள் அதிக நாள் இருக்கவேண்டும். இது குறைந்த அளவுதான். வைத்தியர் அதிகம் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். செலவுக்கு அஞ்சுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2011-ல் இந்திய அரசாங்கம் கொண்டுவந்த திட்டத்தின்படி, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம் இலவசம். சுகப்பிரசவமானால் மூன்று நாளும், ஆபரேஷனானால் ஏழு நாளும் தாய்க்கு இலவச உணவும் உண்டு.

வீட்டில் மற்றப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சமைக்க ஆளில்லை, மாமியாருக்கு முடியவில்லை என்றெல்லாம் காரணம் இருக்கும். அவை பொய்யல்ல. ஆனால் அந்த இரண்டு நாள் பாரத்தைச் சுமக்கவேண்டியவள் பிள்ளை பெற்றவள் அல்ல. கணவன்மாரே, அது உங்கள் பங்கு. அயல்வீட்டாரே, ஒரு வேளைச் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பங்கு. அவள் படுத்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் கண் மூடிவிடாதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றமுள்ள போக்கு, துணி துணியாய் நனைக்கும் இரத்தம், கடுந்தலைவலி, கண்மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளை பார்க்கப் போகிற நமக்கு ஒரு வார்த்தை. கூட்டமாய்ப் போகவேண்டாம். தாயின் கட்டில்மேல் உட்காரவேண்டாம். சளியும் காய்ச்சலும் உள்ளவர்கள் சில நாள் பொறுத்துப் போகலாம். குழந்தையை வாங்குமுன் சவுக்காரம் போட்டுக் கைகளை நன்றாய்க் கழுவுங்கள். யாராவது நம்மைக் கழுவிவிட்டு வரச் சொன்னால் கோபிக்கவேண்டாம். வியன்னாவின் பெரிய வைத்தியர்கள் அப்படிக் கோபித்ததனால் எத்தனையோ தாய்மார் மாண்டார்கள்.